‘இங்கே பார்க்க வேண்டாம்’ என்று எழுதியவள்

சாந்தினி என்ன வேலை செய்கிறாள் என்று கரங்கான் பக்கத்துத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் "கம்ப்யூட்டர்ல" என்பார்கள். அதற்கு மேல் கேட்டால் கேட்டவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவளுடைய அக்கா காஞ்சனாவுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். செம்பனைக் குலை ஏற்றி வரும் லாரியை எண்ணெய் ஆலை வாசலில் ஒரு மேடைமேல் அப்படியே நிறுத்தி எடை பார்ப்பார்கள். அதற்குத் தோட்டத்தில் திம்பாங் என்று பெயர். அந்த எடையைப் படித்துச் சீட்டு அடிக்கும் புரோகிராம் தன் தங்கை எழுதியது என்பதில் காஞ்சனாவுக்கு அப்படி ஒரு பெருமை. மீன்காரனிடம் கெம்போங் மீன் பேரம் பேசும்போதுகூட எப்படியாவது அந்தப் பேச்சைக் கொண்டுவந்து நுழைத்துவிடுவாள்.

பெருமைப்படாமல் என்ன செய்வாள்? சாந்தினி அவள் வளர்த்த பிள்ளை. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது சாந்தினிக்கு ஒன்பது வயது. காஞ்சனா கல்யாணமாகி வந்த வருஷம் அது. கட்டிக்கொண்டவர் குழந்தைவேலு, தோட்டத்துக் குலை லாரியின் ஓட்டுநர். புதுப் பெண்டாட்டியோடு ஒரு மச்சினியும் வந்து சேர்ந்ததை அவர் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. முதல் நாளே அவளுக்குப் பாப்பா என்று பேர் வைத்துவிட்டார், அவளுக்கு அவர் மாமா ஆனார். சொந்தமாகப் பிள்ளை பிறக்கவில்லை என்பது தெரிந்த பிறகும் அந்த வீட்டில் அதற்காக யாரும் பெருமூச்சு விட்டதில்லை.

சிந்தோக் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது மாமா தோட்டத்துக் கங்காணியான மண்டோரின் காரை இரவல் வாங்கினார். வாளி, தலையணை, மெகி பொட்டலம் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு அவளைக் கொண்டுபோய் விட்டார். விடுதிக் காவலர் மலாயில் "மகளா?" என்று கேட்டார். மாமா ஒரு நொடிகூட யோசிக்காமல் "யா" என்றார். பக்கத்தில் நின்ற சாந்தினிக்கும் அதைத் திருத்தத் தோன்றவில்லை.

படிப்பு முடிந்ததும் கூலிமில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்குக்கு மேல்மாடி. ஐந்து மேசை, ஓர் ஏர்கான், வெளியே மழை பெய்தால் உள்ளேயும் ஒரு மூலையில் பெய்யும். முதலாளி சத்தியசீலன். திம்பாங்குகளுக்கான நிரல் தொகுப்பு ஒன்றுதான் அவர்களுக்குச் சோறு போட்டது. லைப்ரரி என்பார்கள். ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் எந்த ஆலையும் வாங்கித் தன் புரோகிராமுக்குள் பொருத்திக்கொள்ளலாம்.

இங்கே அவள் தொழிலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கணினி ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும். ஒவ்வொரு ஓட்டமும் ஒரு திரெட். இரண்டு திரெட் ஒரே தகவலில் ஒரே சமயத்தில் கைவைத்தால், ஒன்று எழுதியதை மற்றது அழித்துவிடும். அதைத் தடுக்கப் பூட்டு உண்டு. கோயில் சாமான் அறைச் சாவியை ஒருவர் எடுத்துப் போனால் அவர் திரும்பும்வரை அடுத்தவர் வாசலில் நிற்கவேண்டும் அல்லவா, அது மாதிரி. ஆனால் எழுதுகிறவர்கள் மனிதர்கள்தானே, பூட்டை மறந்துவிடுவார்கள். அதனால் நிரலின் தலையிலேயே ஒரு குறி போட்டு வைக்கும் பழக்கம் வந்தது. அனோட்டேஷன் என்று பேர். 'இந்த எடையை இந்தப் பூட்டு காக்கிறது' என்று ஒரு குறி. 'எத்தனை திரெட் வந்தாலும் இது தாங்கும்' என்று ஒரு குறி. சோதித்துப் பார்க்க இன்னொரு புரோகிராம் இருக்கிறது. குறிகளைப் படித்து, எழுதியவர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறாரா என்று அது வரி வரியாகத் துருவும். தவறியிருந்தால் சிவப்பில் கத்தும்.

இவற்றோடு இன்னொரு குறியும் இருக்கிறது. 'இங்கே பார்க்க வேண்டாம், எனக்குத் தெரியும்' என்பது அதன் பொருள். அதைப் போட்டுவிட்டால் சோதிக்கும் புரோகிராம் அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போகும். இப்படி ஒரு வசதியைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் சாந்தினி அந்தக் குறியைப் போட்டாள். மாமா குலை கொண்டுபோகும் அந்தக் கரங்கான் ஆலையில் மறுநாள் காலை புரோகிராமைப் பொருத்தியாக வேண்டும். சோதனையோ ஓர் இடத்தில் கத்திக்கொண்டே இருந்தது. லாரி எண்ணும் எடையும் பூட்டு இல்லாமல் கிடக்கின்றன, சீட்டு அடித்து முடிவதற்குள் இன்னொரு திரெட் வந்து எடையை மாற்றிவிடலாம் என்றது.

"அங்க திம்பாங் ஒண்ணே ஒண்ணுதான லா," என்றார் சத்தியசீலன். "ஒரு லாரி இறங்காம இன்னொரு லாரி எப்படி ஏறும்? மூடு அத."

நியாயமான பேச்சு. சாந்தினி குறியைப் போட்டாள். 'திம்பாங் ஒன்றுதான், பார்க்க வேண்டாம்' என்று பக்கத்தில் காரணம் எழுதி, தன் பேரையும் தேதியையும் வைத்தாள். அன்றைக்கு அது பொய் இல்லை. அவள் சோம்பேறியும் இல்லை. அந்த அலுவலகத்தில் இப்படிக் காரணம் எழுதி வைக்கிற ஒரே ஆள் அவள்தான்.

இரண்டு வருஷம் கழித்து அந்த ஆலையில் இரண்டாவது திம்பாங் கட்டினார்கள். அலுவலகத்திலிருந்து வேறோர் ஆள் போய் அதே தொகுப்பை அதற்கும் இணைத்துவிட்டு, ஆலைக் கேன்டீனில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு வந்தார். சாந்தினி அப்போது வேறு வேலையில் கழுத்துவரை மூழ்கியிருந்தாள். குறி போட்டது அவள் நினைவிலேயே இல்லை.

அந்த வருஷம்தான் குழந்தைவேலுவின் லாரியில் எடை குறைய ஆரம்பித்தது. தோட்டத்தில் குலைகளை எண்ணி ஏற்றும்போது தோட்டத்து எழுத்தரான கிராணியின் கணக்கு இத்தனை டன் என்று சொல்லும். ஆலைச் சீட்டு ஒரு டன், ஒன்றரை டன் குறைத்துச் சொல்லும். நான்கு மாதத்தில் ஐந்து தடவை. ஐந்து தடவையும் அவர் ஓட்டிய லாரி. வழியில் எங்கோ நிறுத்திக் குலையை விற்கிறார் என்று பேச்சுக் கிளம்பியது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு குலையைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாத மனுஷன்.

அந்தத் தோட்டத்தில் கோழி காணாமல் போனாலும் சரி, குடும்பச் சண்டையானாலும் சரி, வழக்கு முனீஸ்வரர் முன்னால்தான் தீரும். கற்பூரத்தை ஏற்றி, எரியும்போதே உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகும் சந்தேகப்படுகிறவன்தான் சாமிக்குப் பதில் சொல்லவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குழந்தைவேலுவும் அப்படித்தான் போய் நின்றார். ஆனால் கிராணி கையோடு ஐந்து சீட்டுகளைக் கொண்டுவந்திருந்தார். கூட்டத்தில் சாந்தினியும் இருந்ததைப் பார்த்ததும் கிராணிக்குத் தெம்பு வந்துவிட்டது.

"யம்மா, நீ படிச்ச புள்ள. மெஷினும் நீ செஞ்சது. நீயே சொல்லு, அது தப்பா எட போடுமா?"

ஆலைக்காரர்கள் கேட்டதால் இரண்டு நாளைக்கு முன்புதான் அவள் சோதனையை ஓட்டிப் பார்த்திருந்தாள். முழுக்கப் பச்சை. குறை எதுவும் இல்லை என்று கடிதமும் எழுதிக் கொடுத்திருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மாமா அவளைப் பார்த்துச் சொன்னார்:

"கடைசி தடவ நான் வெளிய எட காட்டுற போர்டுல பாத்தேன் பாப்பா. செவப்பு நம்பரு. எட்டு டன் தொள்ளாயிரம் காட்டிச்சு. சீட்டுல ஏழு நானூறுன்னு வருது."

"லாரி சரியா நிக்கிற வரைக்கும் போர்டுல நம்பர் ஆடும் மாமா," என்றாள் சாந்தினி. அவள் குரல் தாழ்ந்துதான் இருந்தது, ஆனால் தடுமாறவில்லை. "சீட்டுல வர்றதுதான் சரியான எட. நாங்க செக் பண்ணிட்டோம். தப்பு வராது."

மாமா தலையை ஆட்டினார். "பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா நான் எடுக்கல."

கற்பூரத்தை அடித்து அணைத்தார். கை சுட்டதோ என்னவோ, வேட்டியில் தேய்த்துக்கொண்டார். வழக்கமாக அந்த இடத்தில் யாராவது "சரி, விடுங்க" என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைப்பார்கள். அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்கள்.

அன்று பகல் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த காஞ்சனா, தங்கையைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"எங்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லு. ஒன் மெஷினு பொய் சொல்லுமா?"

"சொல்லாதுக்கா."

காஞ்சனா வேறொன்றும் கேட்கவில்லை. மறுவாரம் குழந்தைவேலுவுக்கு வேலை போயிற்று. வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். குருணில் நாலாவது மாடியில் ஒரு பிளாட்டுக்குக் குடிபோனார்கள். ஒரு தொழிற்சாலை வாசலில் அவருக்குக் காவல் வேலை கிடைத்தது. லாரி ஓட்டிய மனுஷன் அங்கே உட்கார்ந்து, போகிற வருகிற லாரிகளின் எண்ணை எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் ஓடியது. ஒருநாள் காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் மாற்று ஆள் வந்து பார்த்தபோது நாற்காலியிலேயே சாய்ந்திருந்தார். மாரடைப்பு என்றார்கள். அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. சாவு வீட்டில் காஞ்சனா அதிகம் அழவில்லை என்பதை வந்தவர்கள் கவனித்தார்கள். சாந்தினிதான் விழுந்து புரண்டு அழுதாள். அழுதபோதும், மாமா ஏன் அப்படிச் செய்தார் என்ற கேள்வி அவள் மனதின் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. அதை நினைத்துத்தான் பின்னால் அவள் தன்னையே அதிகமாக வெறுத்தாள்.

மாமா போய் ஆறு மாதம் கழித்து, தொகுப்பை வெளிநாட்டு ஆலைகளுக்கும் விற்கலாம் என்று சத்தியசீலனுக்கு ஆசை வந்தது. வாங்குகிறவர்கள் விவரமானவர்கள். 'பார்க்க வேண்டாம்' குறிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சோதனையை ஓட்டிக் காட்டுங்கள் என்று நிபந்தனை போட்டார்கள். சாந்தினியோடு வேலை பார்க்கும் ரஃபி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தான். மொத்தம் நாற்பத்தொன்று. மத்தியானம் தொழுகைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தவன் கூப்பிட்டான்.

"சாந்தினி, இது நீ போட்டதா? 'திம்பாங் ஒன்றுதான்'னு இருக்கு. எந்த ஆலைல லா இப்ப ஒண்ணு இருக்கு?"

அவள் எழுந்து வந்து பார்த்தாள். தன் பேர், தன் தேதி. ரஃபி குறியை அழித்துவிட்டுச் சோதனையை ஓட்டினான். திரை சிவந்தது.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இருந்தாலும் இரண்டு திம்பாங், இரண்டு லாரி என்று பொய்யாக ஒரு சோதனை வைத்துப் பார்த்தாள். முதல் லாரியின் சீட்டு அடித்து முடிவதற்குள் பக்கத்துத் திம்பாங்கில் இரண்டாவது லாரி நின்றால், இரண்டு சீட்டிலும் இரண்டாவதன் எடை விழுந்தது. ஆலையின் பிரிண்டர் பழசு, ஒரு சீட்டுக்கு அரை நிமிஷம் எடுக்கும். திம்பாங் கருவி அனுப்பிய அசல் எண்கள் வேறொரு கோப்பில் பத்திரமாக இருந்தன. யாரும் கேட்காததால் யாரும் அதைத் திறக்கவில்லை. அவள் திறந்தாள். குழந்தைவேலுவின் ஐந்து நாட்களையும் தேடி எடுத்தாள். கடைசி நாளில் எட்டு டன் தொள்ளாயிரம் என்று இருந்தது. ஐந்து நாளும் ஒரே கதை. மாமா நேரம் தவறாதவர், பதினொன்றே முக்காலுக்கு ஆலை வாசலில் நிற்பார். அதே நேரத்துக்கு வேறொரு தோட்டத்து லாரியும் பக்கத்தில் ஏறும், எப்போதும் கொஞ்சம் குறைந்த பாரத்தோடு. ஒழுங்காக நேரத்துக்கு வந்ததுதான் அந்த மனுஷன் செய்த குற்றம்.

சத்தியசீலன் எல்லாவற்றையும் கேட்டார். நல்ல மனுஷன்தான், முகம் வாடிப்போயிற்று. "பூட்டப் போட்டுச் சரி பண்ணிடு," என்றார். "ஆளே போயிட்டாரு. இப்பக் கெளறி யாருக்கு என்ன லா?"

பூட்டைப் போடப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பத்து நிமிஷ வேலை. அதை நினைத்து அவள் கழிவறையில் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு தோட்ட நிர்வாகத்துக்கும் ஆலைக்கும் மலாயில் கடிதம் எழுதினாள். பிழை எங்கள் புரோகிராமுடையது, ஓட்டுநர் குழந்தைவேலு எதையும் எடுக்கவில்லை என்று எழுதி, முதலாளி கையெழுத்துப் போடத் தயங்கியதால் தானே போட்டு அனுப்பினாள். மூன்று வாரம் கழித்துத் தோட்டத்திலிருந்து இரண்டு வரி வந்தது. சம்பந்தப்பட்ட தொழிலாளி தற்போது பணியில் இல்லாததால் அந்த விவகாரம் முடிந்துவிட்டது, தகவலுக்கு நன்றி.

இனிப் பாக்கி அக்கா ஒருத்திதான். சொன்னால் அக்காவின் மனசிலாவது மாமாவின் பேர் நேராகும். ஆனால் அந்த இரண்டு வருஷமும் அக்கா அவரோடு எப்படி வாழ்ந்தாள் என்பதைச் சாந்தினி பார்த்திருக்கிறாள். உண்மை தெரிந்தால் அக்கா அதைத் தாங்குவாளா? தாங்கினாலும் அதன் பிறகு தன் முகத்தில் விழிப்பாளா? உலகத்தில் அவளுக்கு இருந்தது அந்த ஒரு அக்காதான். நான்கு ஞாயிற்றுக்கிழமை குருணுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தாள். ஐந்தாவது ஞாயிறு, சாப்பாட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவது என்று போனாள்.

காஞ்சனா தரையில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மாமா குலைய எடுக்கல."

கத்தி நிற்கவில்லை. "யாரு சொன்னா?"

"நான் சொல்றேன். என் புரோகிராம்ல தப்பு. ரெண்டு லாரி ஒரே நேரத்துல ஏறுனா, பின்னால வந்த லாரியோட எடைய ரெண்டு சீட்டுலயும் அடிச்சிருக்கு. மாமா போர்டுல பாத்தது நெசம்."

"அஞ்சு தடவையுமா?"

"அஞ்சு தடவையும்."

"நீ அன்னிக்கு செக் பண்ணிட்டேன்னு சொன்னியே."

"பண்ணேன்கா. அந்த ஒரு எடத்த மட்டும் பாக்க வேணாம்னு நானே முன்னாடி எழுதி வெச்சிருந்தேன். அத மறந்துட்டேன்."

காஞ்சனா கத்தியைக் கீழே வைத்தாள். சாந்தினி பையிலிருந்து கடிதத்தின் நகலை எடுத்து நீட்டினாள். மலாயில் இருக்கிறது என்று கண்டதும் அக்கா அதைத் திருப்பிக் கொடுத்தாள். "தமிழ்ல படி."

சாந்தினி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். ஓட்டுநர் குழந்தைவேலு எதையும் எடுக்கவில்லை என்ற இடம் வந்ததும் அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அத இன்னொரு தடவ படி."

படித்தாள். இன்னொரு தடவை என்றாள் அக்கா. மூன்றாவது தடவை படிக்கும்போது சாந்தினியின் குரல் உடைந்தது. "என்னய அடிச்சிடுக்கா. ஏதாவது சொல்லு," என்று அக்காவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். காஞ்சனா அவள் கையைத் தட்டிவிடவில்லை. தலையைத் தடவவும் இல்லை. சுவரைப் பார்த்தபடி பேசினாள், பக்கத்து வீட்டு விஷயத்தைச் சொல்வது போல.

"குலைய வித்து எவளுக்கோ குடுக்குறாருன்னுதான் நெனச்சேன். ரெண்டு வருஷமும் அதுதான் நெனப்பு. ஒரு நாளு சாப்புடுறப்போ, கொழம்பு நல்லாருக்கு காஞ்சனான்னாரு. அவ வெக்கிறத விடவான்னு கேட்டேன். பாதிச் சோத்துல கையக் கழுவிட்டு வேலைக்குப் போயிட்டாரு." அவள் தங்கையின் பக்கம் திரும்பினாள். "அப்படி ஒருத்தியே இல்லியா சாந்தினி?"

"இல்லக்கா."

கீழே யாரோ மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். அது போகும்வரை காஞ்சனா காத்திருந்தாள்.

"நீ கெளம்பு," என்றாள் பிறகு. "ஒம்மேல எனக்குக் கோவம் இல்ல. இருக்கோ இல்லியோ, இப்பத் தெரியல. நானே கூப்புடுறேன், அதுவரைக்கும் வராதே."

சாந்தினி எழுந்தாள். கடிதத்தை அங்கேயே வைப்பதா எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்று, கடைசியில் மேசைமேல் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள். கதவைத் திறக்கும்போது அக்காவின் குரல் கேட்டது. சத்தமாக இல்லை, அவளிடம் சொன்னதாகக்கூடத் தெரியவில்லை.

"சாமி முன்னால, ஊரு முன்னால சொன்னாரு. வீட்டுக்குள்ள வெச்சு, எடுத்தியாய்யான்னு நான் அவர ஒரு வார்த்த கேக்கல. ஒன்னத்தான கேட்டேன்."